கீழே குளிர், மாடியில் வெக்கை: ஏசி போட்டவரிடம் பணத்தைக் கேட்க முடியுமா?

கேள்வி: மதுரையில் அப்பா கட்டிய பழைய வீட்டின் மேல் போன வருடம் இரண்டு அறைகள் எடுத்தோம். வீடு முழுக்க ஒரே டக்ட் ஏசி (ஒரே மெஷினிலிருந்து குழாய் வழியாக எல்லா அறைக்கும் குளிர்காற்று போகும் ஏசி) போதும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார், 4.6 லட்சம் கொடுத்துவிட்டோம். கீழே கூடத்தில் போர்வை கேட்கிறது. மாடியில் மதியம் 31 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. கேட்டால், "வீடு பழசு, நான் என்ன பண்ண முடியும்?" என்கிறார். வேறு ஆளை வைத்துச் சரிசெய்து, அந்தச் செலவை இவரிடம் வாங்கலாமா?

பதில்: வாங்க வழி இருக்கிறது. ஆனால் வேறு ஆளை அவசரப்பட்டுக் கூப்பிடாதீர்கள். டக்டைப் பிரித்து மாற்றிவிட்டால், முதலில் என்ன தப்பு நடந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

"வீடு பழசு" என்ற பதில் எடுபடாது. அவர் வீட்டை நேரில் பார்த்துத்தானே விலை சொன்னார்? நாள் முழுக்க வெயில் வாங்கும் கான்கிரீட் தளத்துக்கு அடியில் உள்ள அறைக்குக் கீழ்த்தளத்தைவிட அதிகக் குளிர்காற்று வேண்டும். அறையின் வெப்பத்தைப் பார்த்து ஏசியை ஓடவிட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கூடத்தில் மட்டும் இருந்தால், கூடம் குளிர்ந்ததும் கம்ப்ரசர் ஓய்ந்துவிடும். மாடி வெந்துகொண்டே இருக்கும். இதையெல்லாம் கணக்குப் போடத்தான் அவருக்குப் பணம் கொடுத்தீர்கள். அதைச் செய்யாதது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-ன்படி சேவைக் குறைபாடு.

ஒன்றை மட்டும் மனசாட்சியோடு பாருங்கள். மாடிக்குத் தனி யூனிட்டோ, தளத்துக்கு வெப்பத் தடுப்போ வேண்டும் என்று அவர் கொட்டேஷனில் எழுதி, செலவைக் குறைக்க நீங்களே வெட்டியிருந்தால், வழக்கு தளர்ந்துவிடும். எனவே கொட்டேஷனை முதலில் எடுத்துப் படியுங்கள்.

அப்புறம் சாட்சியம். மதியம் 2 மணியிலிருந்து 4 மணிவரை எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் வெப்பநிலையைக் குறியுங்கள். தெர்மாமீட்டரைத் தேதி, நேரத்தோடு படம் எடுங்கள். சில நாள் தொடர்ந்து செய்யுங்கள். அவருடைய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்யும்போது, பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழும் சேர்த்துவிடுங்கள். பிறகு 15 நாள் அவகாசம் தந்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

பதில் வரவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அவர் வெளியூர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். "அடுத்த மாசம் வந்து பார்க்கிறேன்" என்று அவர் இழுப்பதை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். இப்படி நல்ல வழக்குகள் வீணாவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பொறியாளரோடு வழக்கறிஞர் ஆணையர் (நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் நியமிக்கும் வழக்கறிஞர்) ஒருவர் வந்து பார்வையிட வேண்டும் என்று தனி மனுவும் போடுங்கள். மெஷினில் கோளாறு இல்லையென்றால், தயாரித்த கம்பெனியை இழுக்க வேண்டாம்.

வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்து, வெக்கையில் காத்திருக்க முடியாது என்றால், தகுதியுள்ள ஒரு பொறியாளரை வரவழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அவர் வரும் தேதியை ஒப்பந்தக்காரருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அறிக்கை கைக்கு வந்த பிறகு வேலையை ஆரம்பித்து, ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள். புகாரில் அந்தத் தொகையையும் நஷ்ட ஈட்டையும் சேர்த்தே கேட்கலாம்.