எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) பிளேயரில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சல் ஏறுவது பழுதா? சிடியோடு ஒப்பிட்டு வீட்டிலேயே அளக்க முடியுமா?

தேவகோட்டை நண்பர் கேட்டிருப்பது இதுதான்: சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டுவந்த எஸ்ஏசிடி பிளேயரை 192 கிலோஹெர்ட்ஸ் சவுண்ட் கார்டில் இணைத்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) எடுத்தால், 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் இரைச்சல் மேடுபோல் எழுகிறது, அதே பிளேயரில் சாதாரண சிடியைப் போட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. வட்டு மட்டமா, பிளேயர் பழுதா?

இரண்டும் இல்லை. 1999இல் சோனியும் பிலிப்ஸும் அறிமுகப்படுத்திய எஸ்ஏசிடியில் ஒலி ஒற்றை பிட்டுகளாக, நொடிக்கு 28,22,400 என்ற வேகத்தில் பதிவாகிறது. இது சிடியின் 44,100ஐப் போலச் சரியாக 64 மடங்கு. ஒரே பிட்டில் ஒலியைக் குறிக்கும்போது எழும் பிழை மிகப் பெரியது, அதை அழிக்கவும் முடியாது. ஆனால் இடம் மாற்றலாம். வாசலைக் கூட்டி, குப்பையைத் தெருவோரம் ஒதுக்குவதைப் போல, காது கேட்கும் பகுதியிலிருந்து அந்த இரைச்சலைத் திரட்டி மேல் அதிர்வெண்களில் தள்ளிவிடுகிறார்கள். கேட்கும் பகுதி சுமார் 120 டெசிபல் அளவுக்குத் தூய்மையாவதற்கு நாம் கொடுக்கும் விலையே நீங்கள் பார்த்த மேடு.

சிடியின் வெறுமையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சிடியில் இசை இருக்க வழியில்லை என்பது சரி. ஆனால் எண்களை அலையாக மாற்றும்போது மேலே பிம்பங்கள், அதாவது இசையின் போலி நகல்கள், தோன்றவே செய்யும். எட்டு மடங்கு ஓவர்சாம்பிளிங் (இடையிடையே கூடுதல் புள்ளிகளைக் கணக்கிட்டுச் சேர்த்தல்) செய்யும் பிளேயரில் அவை 352.8 கிலோஹெர்ட்ஸை ஒட்டிப் போய்விடுகின்றன. உங்கள் கார்டோ 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் என்ன இருந்தாலும் அது காட்டாது. ஓவர்சாம்பிளிங் வடிகட்டி இல்லாத பிளேயராக இருந்தால் 10 கிலோஹெர்ட்ஸ் தொனிக்கு 34.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு பிம்பம் உங்கள் திரையிலேயே தெரியும்.

இனி அளவீடு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் பிளேயரை இணைக்காமல், கார்டின் உள்ளீட்டை ஷார்ட் செய்து (இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து) ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்து வையுங்கள். கார்டுக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே வகையில் இரைச்சலை மேலே தள்ளும், அலையை எண்ணாக்கும் மாற்றிதான். ஆகவே 50, 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தெரியும் ஏற்றத்தில் ஒரு பங்கு கார்டினுடையதாகவே இருக்கலாம். அந்தக் கோட்டுக்கு மேலே நிற்பதை மட்டும் பிளேயரின் கணக்கில் எழுதுங்கள்.

அடுத்தது, நிறுத்தி வைத்த பிளேயரை அளப்பதில் பயனில்லை. பல பிளேயர்கள் ஓடாதபோது வெளியீட்டை மியூட் செய்துவிடும். சிடியில் முழுப் பூஜ்யம் வந்தாலே மியூட் ஆகும் சிப்புகளும் உண்டு. −60 டெசிபல் தொனி உள்ள சோதனைத் தடத்தையோ, பாடகர் தொடங்குமுன் தம்பூரா மட்டும் மெதுவாக ஒலிக்கும் பகுதியையோ ஓடவிட்டு அளக்க வேண்டும். எஸ்ஏசிடி, சிடி என இரு அடுக்குள்ள ஹைப்ரிட் வட்டு கிடைத்தால் ஒரே பிளேயர், ஒரே கேபிள், ஒரே பாடல் என்று ஒப்பிடலாம். ஆனால் இரு அடுக்குகளின் மாஸ்டரிங் (வட்டுக்கான இறுதி ஒலிச் சீரமைப்பு) வேறாக இருக்கக்கூடும் என்பதால் ஒலி அளவைத் தொனி கொண்டு சமப்படுத்திக்கொள்வது அவசியம்.

ஸ்பெக்ட்ரம் கோடு −130 டெசிபலில் நிற்கிறது என்று மகிழ்வதும் வீண். 192 கிலோஹெர்ட்ஸில் 65,536 புள்ளி எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண் கட்டங்களாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்தால் ஒவ்வொரு கட்டமும் 2.93 ஹெர்ட்ஸ் அகலம்தான். 20 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள சுமார் 6,800 கட்டங்களையும் கூட்டினால் மொத்த இரைச்சல் −92 அளவுக்கு வந்துவிடும். புள்ளிகளை இரட்டித்தால் கோடு 3 டெசிபல் இறங்கும், இரைச்சல் இறங்காது. எனவே 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு கூட்டுத்தொகை, 20இலிருந்து 80 கிலோஹெர்ட்ஸ் வரை இன்னொன்று என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். அதன் ஏசி அளவீடு இந்த உயரத்துக்கு எட்டாது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கென்று ஒரு தொல்லை உண்டு. மரச்சட்டத்தில் ஓடும் வயரிங்கில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும்; அதில் இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு, மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாம் சேரும்போது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கூரிய முட்கள் தோன்றும். எஸ்ஏசிடியின் இரைச்சல் வழவழப்பான மேடாக இருக்கும். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊசிபோல் நிற்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பவர் சப்ளையின் வேலை. காரைக்குடியில் என் வீட்டில் அளக்கும்போது லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பட்டாசாலை விளக்குகளையும் விசிறியையும் அணைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். வியர்வைக்குத் துண்டு போதும்.

மேடே இல்லாமல் 44 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் படம் செங்குத்தாக வெட்டுப்பட்டிருந்தால், பிளேயர் ஒற்றை பிட் தரவை 88.2 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம்மாக (சிடியைப் போல ஒவ்வொரு புள்ளியையும் பல பிட் எண்ணாகக் குறிக்கும் முறை) மாற்றிக்கொள்கிறது என்று ஊகிக்கலாம். டிவிடி ஆடியோவும் பிசிஎம்தான் என்பதால் அதில் இந்த மேடு இப்படி எழாது.

காதில் விழுமா என்றால், இரைச்சல் நேரடியாக விழாது. 2007இல் மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், உயர்தர வட்டின் ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கிக் கொடுத்தபோதும் இயல்பான ஒலி அளவில் கேட்டவர்களால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இயலவில்லை. நாம் கவனிக்க வேண்டியது ஆம்ப்ளிஃபையரைத்தான்: உள்ளே வருவதை அது அதே விகிதத்தில் பெருக்காவிட்டால், மேல் அதிர்வெண் இரைச்சல் கேட்கும் பகுதிக்கே திரிந்து இறங்கும். அதனால்தான் பிளேயரின் வெளியீட்டில் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் வடிகட்டி வைக்கும் வழக்கம் வந்தது. உங்கள் பிளேயரின் அமைப்பில் வடிகட்டித் தேர்வு இருந்தால் தாழ்ந்த அதிர்வெண்ணில் வையுங்கள். பிறகு ஸ்பீக்கர் முனைகளில், தகுந்த ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைக் குறைத்து, 20 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள கூட்டுத்தொகையை இரு அடுக்குகளுக்கும் எடுத்துப் பாருங்கள். எஸ்ஏசிடி அடுக்கில் அந்த எண் உயராமல் இருந்தால், நீங்கள் திரையில் கண்ட மேட்டினால் உங்கள் ஆம்ப்ளிஃபையருக்குத் தொந்தரவு இல்லை.