பங்ஷனும் மாறியும் மெமரியில் ஒரே இடத்திலா இருக்கின்றன?

கல்லடியிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்டது: "சி மொழியில் பங்ஷனுக்குள் மாறியை எழுதினால், இரண்டும் மெமரியில் ஒன்றாகத்தானே இருக்கும்?"

இல்லை தம்பி. பங்ஷன் என்பது பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுதி, மாறி என்பது மதிப்பை வைக்கும் இடம். பங்ஷனின் கட்டளைகள் கோட் பகுதியில் இருக்கும். ஆயிரம் முறை அழைத்தாலும் அங்கே ஒரே பிரதிதான். வழக்கமாக அதை வாசிக்கலாம், இயக்கலாம், மாற்ற முடியாது. பங்ஷன்களுக்கு வெளியே எழுதும் குளோபல் மாறிகள் டேட்டா பகுதியில். தொடக்க மதிப்புக் கொடுக்காதவை பக்கத்தில் பி.எஸ்.எஸ். பகுதியில், பூச்சியமாக.

குழப்பம் பங்ஷனுக்குள் எழுதும் லோக்கல் மாறியில்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக் என்னும் தற்காலிக மெமரிப் பகுதியில் புதிய இடம் ஒதுக்கப்படும், பங்ஷன் முடிந்ததும் அது விடுபடும். நம் வயல் வட்டைகளில் விதைப்புக் காலத்தில் போடும் வாடியை, அந்தத் தற்காலிகக் குடிலை, நினைத்துப் பாருங்கள். அறுவடை முடிந்தால் வாடி போய்விடும், அடுத்த போகத்தில் அதே இடத்தில் வேறொருவர் போடுவார். பங்ஷன் தன் லோக்கல் மாறியின் முகவரியைத் திருப்பி அனுப்ப, பங்ஷன் முடிந்த பிறகு அதைப் பயன்படுத்துவது, கழற்றிய வாடிக்கு ஆள் அனுப்புவது போல. சிலவேளை பழைய மதிப்பு இன்னும் கிடக்கும், அதனால் புரோகிராம் சரியென்று நம்பிவிடுவோம். என் மாணவர்களை அதிகம் அலைக்கழித்த பிழை இது.

தன்னைத்தானே முடிவின்றி அழைக்கும் பங்ஷன் ஸ்டாக்கை நிரப்பிவிடும். லினக்ஸில் அதன் வழக்கமான எல்லை 8 மெகாபைட்.

பங்ஷன் முடிந்த பின்பும் மதிப்பு வேண்டுமா? மால்லொக் (malloc) என்னும் பங்ஷன் மூலம், நாமே விடுவிக்கும் வரை இடம் நிலைக்கும் ஹீப் பகுதியில் இடம் எடுங்கள், வேலை முடிந்ததும் ஃபிரீ (free) மூலம் விடுவியுங்கள். அல்லது மாறியின் அறிவிப்பில் ஸ்டாட்டிக் (static) என்ற சொல்லைச் சேருங்கள்: பெயர் பங்ஷனுக்குள் மட்டும் தெரியும், இருப்பிடமோ குளோபல் மாறிகளோடு.