மரம் நட நிதி: கம்பெனி ஏன் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறது?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் 200 மரக்கன்று நட, ஒரு கம்பெனியிடம் சி.எஸ்.ஆர். நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கேட்டது. ‘விவரம் போதாது’ என்று கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. என்ன எழுதவேண்டும்?

பதில்: முதலில் சங்கத்தின் தகுதியைப் பாருங்கள். வருமான வரித்துறையின் 12ஏ (சங்கத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவும், சி.எஸ்.ஆர். பணி செய்யும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்-1 பதிவெண்ணும் இல்லாமல் கம்பெனி உங்களிடம் திட்டத்தை ஒப்படைக்க முடியாது. இல்லையென்றால், இவை உள்ள தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள்.

அடுத்தது இடம். சாலையோரம் உங்களுடையதல்ல, மாநகராட்சியின் எழுத்துபூர்வ அனுமதியை இணையுங்கள். தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு குழிக்கும் எண் போட்டு, மேலே மின்கம்பி, கீழே குடிநீர், பாதாளச் சாக்கடைக் குழாய் உண்டா என்று குறித்த வரைபடம் வேண்டும். கம்பிக்கடியில் வேம்பு வைத்தால் வருஷாவருஷம் மொட்டையடிப்பார்கள். அங்கே மந்தாரை போதும். வேம்பும் புங்கனும் கம்பியில்லாத பக்கத்துக்கு.

பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது பட்ஜெட்டில். கன்று, குழி, கூண்டு, நடுவிழாப் பந்தல் வரைக்கும் கணக்கு இருக்கும், தண்ணீருக்கு இருக்காது. கன்றுக்கு 20 லிட்டர் என்றால் ஒரு நடைக்கு 4,000 லிட்டர். கோடையில் வாரம் இரண்டு நடை. லாரி வாடகை, ஆள்கூலி, பட்டுப்போனதற்கு மாற்றுக்கன்று எல்லாவற்றையும் மூன்று வருஷத்துக்குப் போடுங்கள். கம்பெனி இதை ஒரே வருஷத்தில் முடியாத ‘தொடரும் திட்டமாக’ அனுமதித்தால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்றாண்டு செலவழிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பணத்தைத் தவணையாக, பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்டி வாங்கிக்கொள்வதாக நீங்களே எழுதிவிடுங்கள்.