துண்டறிக்கையை நம்பிக் கட்டிய பல்

கேள்வி: 'வலியின்றி ஒரே நாளில் பல் கட்டப்படும், ஆயுள் உத்தரவாதம்' என்ற துண்டறிக்கையை நம்பி என் தாயார் 9,000 ரூபாய் கொடுத்தார். ஈறு வீங்கியபின் விசாரித்தால், கட்டியவர் பதிவு பெற்ற பல் மருத்துவர் அல்லர்; 'நான் வைத்தியம் பார்ப்பதில்லை, பல் மட்டுமே கட்டுகிறேன்' என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அந்தச் சமாதானம் எடுபடாது. செயற்கைப் பல்லை வாயில் பொருத்துவதும் பல் மருத்துவமே என்று 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே வரையறுத்துவிட்டது. அவர் பெயர் பதிவேட்டில் இல்லையெனில் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள்.

விளம்பரம் தனிக் குற்றச்சாட்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரம் குறித்து வேலூர் மாவட்ட ஆட்சியரிடமே எழுத்துமூலம் புகார் தரலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஆனால் அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. கொடுத்த பணத்தையும் இழப்பீட்டையும் பெற, இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர வேண்டும்; இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. ரசீது தந்திருக்க மாட்டார் (இத்தகையோர் தருவதே அரிது). எனவே துண்டறிக்கையையும், பணம் செலுத்தியதற்கான கைப்பேசிப் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, தாயாரைப் பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் காட்டி, ஈற்றின் நிலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.