அடைமழையில் ஆகாய கங்கை: தனியாகப் போய்த் தங்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது, சேலத்தில் வேலை. ஐப்பசி மழையில் அருவிகள் நிறைந்து கொட்டும்போது கொல்லிமலைக்குப் பைக்கில் தனியாகப் போய், டென்ட் அடித்து இரண்டு இரவு தங்க ஆசை. ஆகாய கங்கையும் மாசிலா அருவியும் பார்க்க வேண்டும். அருவிக்குப் பக்கத்திலேயே தங்கலாமா? இடிமழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் அருவிக்கரையில் மட்டும் படுக்காதீர்கள். மற்ற எதில் சமரசம் செய்தாலும் இதில் வேண்டாம்.

கொல்லிமலையின் மேல்பகுதி 1,000 மீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். ஊர்களும் வயல்களும் மிளகுத் தோட்டங்களும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே பெய்யும் மழை ஓடை ஓடையாக அய்யாற்றில் சேர்ந்து, அரப்பளீஸ்வரர் கோயில் பக்கமாக வந்து, சுமார் 300 அடி பள்ளத்தில் ஆகாய கங்கையாக விழுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி நீங்கள் நிற்கப்போவது அந்தப் பள்ளத்தில். மேலே சில கிலோமீட்டர் தள்ளி வானம் உடைத்துக்கொண்டு ஊற்றினாலும் அங்கிருந்து தெரியாது. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தாலே 1 கோடி லிட்டர் தண்ணீர். ஐப்பசியில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடப்பதால் பெய்வதில் பெரும்பகுதி நேராக ஓடைக்கு வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அன்று அங்கே அத்தனை பேர் கூட இருந்தார்கள். தனியாக, இரவில், டென்ட் ஜிப்பை மூடிக்கொண்டு தூங்குபவருக்கு அந்த நிமிடங்கள்கூடக் கிடைக்காது.

வெள்ளம் வருவதற்கு முன் தண்ணீரே கொஞ்சம் சொல்லும். தெளிவாக ஓடிய தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வரும். அருவியின் இரைச்சல் கனக்கும், சற்று முன் வெளியே தெரிந்த கல் மறைந்திருக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் பையை எடுக்கத் திரும்பாமல் மேலே ஏறிவிடுங்கள். ஓடையைக் கடந்து போயிருந்தால் திரும்பக் கடக்காதீர்கள். முழங்கால் அளவு தண்ணீர் வேகமாக வந்தால் திடமான ஆளையே சாய்த்துவிடும். உயரமான இடத்தில் காத்திருங்கள். மழை விட்டால் சிறிய ஓடைகள் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

வானிலை அறிக்கையைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வானிலை ஆய்வு மையம் கனமழை என்று சொல்வது 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை என்றால் 12 முதல் 20 செ.மீ. ஒரே மணி நேரத்தில் 5 செ.மீ. கொட்டி ஓய்ந்தால் அது இந்தக் கணக்கில் கனமழையே ஆகாது. ஓடை பொங்க அது போதும். நாமக்கல் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தில் இருக்காதீர்கள். இந்தப் பருவத்து இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் கட்டும். காலையில் அனுமதிக்கும் நேரத்துக்கே இறங்கி, பதினோரு மணிக்கெல்லாம் படியேறத் தொடங்கிவிடுங்கள். வெள்ளம் என்று வனத்துறை வழியை மூடியிருந்தால் வேறு வழி தேட வேண்டாம்.

சரி, டென்டை எங்கே அடிப்பது? காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவது சட்டப்படி குற்றம். அதனால் மேலே ஊருக்குள், பட்டா நிலத்தில், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு, ஓடி ஏறக்கூடிய தூரத்தில் ஒரு கான்கிரீட் வீடு இருக்கும்படி அடியுங்கள். அங்கே தோட்டங்களில் மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்கள் நிறைய. நிழலாக, அழகாக இருக்கும், ஆனால் காற்றில் கிளை முறிந்து விழும் மரம் அது. அதன் அடியில் வேண்டாம். பக்கத்தில் வாய்க்கால் இருந்தால் கரையோரப் புதர்களைப் பாருங்கள். இடுப்பு உயரத்தில் காய்ந்த புல்லும் குச்சியும் சிக்கியிருந்தால் முன்பு தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று பொருள்.

மின்னல் வெட்டியதும் நொடிகளை எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. டென்ட் துளிகூடப் பாதுகாப்பில்லை. அந்தக் கான்கிரீட் வீட்டுக்குப் போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை உள்ளேயே இருங்கள். தனிமரம், வியூ பாயின்ட் கோபுரம், கம்பி வேலி, உங்கள் பைக், எல்லாவற்றையும் விட்டு விலகியிருங்கள். போனில் தாமினி செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும்.

தனியாகப் போகிறவர்களிடம் நான் அதிகம் பயப்படுவது குளிருக்குத்தான். நனைந்த உடம்பில் காற்றடித்தால் 15 டிகிரியிலேயே உடல் சூடு ஆபத்தாக இறங்கும். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும், புத்தி மந்தமாகும். கூட ஆள் இருந்தால் அவர் கவனிப்பார். உங்களுக்கு நீங்கள்தான் கவனிக்க வேண்டும். டென்ட் கயிற்றில் முடிச்சுப் போட விரல் தடுமாறினால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு உலர்ந்த துணிக்கு மாறுங்கள். அதற்காக ஒரு செட் உடையும் போர்வையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்து, அதுவரை தொடாமல் இருங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. எவ்வளவு மழை அடித்தாலும் டென்டுக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்த அருவி, எத்தனை மணிக்குள் மேலே வருவீர்கள், அதற்குப் பிறகு எத்தனை மணி நேரம் பார்த்துவிட்டு 112-ஐ அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். படி இறங்கும் முன் மேலே கடைக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளத்தில் சிக்னலை நம்ப முடியாது. அப்புறம், காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளை மழையிலும் இருட்டிலும் பைக்கில் எடுக்காதீர்கள். மண் சரிந்து ரோட்டில் கிடந்தால் வளைவு திரும்பிய பிறகுதான் தெரியும்.

தேதியை மாற்ற முடியுமானால் டிசம்பர் கடைசி வாரத்துக்கோ ஜனவரி தொடக்கத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், அருவியில் தண்ணீரும் இருக்கும். இரவுக் குளிர் மட்டும் கூடும், இன்னொரு போர்வை எடுத்துக்கொண்டால் போதும்.