நேற்று வரை நன்றாகப் பேசியவர் திடீரென்று பிரிந்து போவது ஏன்?

மூன்று வருடக் காதல், சமீபத்தில் பெரிய சண்டைகூட இல்லை, நேற்று வரை நன்றாகப் பேசியவள் இன்று வேண்டாம் என்கிறாள், அவள் மனதுக்குள் என்ன நடந்திருக்கும், திரும்பப் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ‘சமீபத்தில் சண்டைகூட இல்லை’ என்ற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். அதற்கு முன்னால் சண்டை இருந்ததா? இருந்தது என்றால், அது எப்போது நின்றது?

உங்களுக்கு இது நேற்று நடந்தது, அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கலாம். டயான் வாகன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், துணையைப் பிரிந்தவர்களிடம் விரிவாகப் பேசி 1986-ல் எழுதியதன் சாரமே இதுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. ஒருவர் மனதளவில் முதலில் கிளம்பிவிடுகிறார். முதலில் சின்னச் சின்னதாகக் குறை சொல்வார், அது எடுபடவில்லை என்றால் தனக்கென்று வேறு நட்பு, வேறு ஆர்வம், சில சமயம் வேறு ஊர் வேலை என்று தேடிக்கொள்வார். கடைசியில் வாயைத் திறந்து சொல்லும்போது அவர் அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்திருப்பார். அதனால்தான் சொல்கிறவர் அவ்வளவு நிதானமாக இருக்கிறார், கேட்கிறவருக்குத் தலையில் இடி விழுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி. இருவருமே என் நண்பர்கள். ஒரு கல்யாண ரிசப்ஷனில் மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் அன்றுதான் ஆபீசில் புரமோஷன் வந்ததைச் சொன்னாள். அவன் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டே ‘ம், சூப்பர்’ என்றான். முன்பெல்லாம் அவள் அந்தப் போனைப் பிடுங்கியிருப்பாள், ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். அன்று பேசாமல் என் பக்கம் திரும்பி, ‘பனீர் நல்லா இருக்குல்ல?’ என்றாள். அவள் சண்டை போடுவதை விட்டுவிட்டாள், பக்குவம் வந்துவிட்டது என்று அவன் என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்! ஆறேழு மாதத்தில் பிரிந்துவிட்டார்கள்.

இதற்கு ஆராய்ச்சியிலும் ஆதாரம் உண்டு. ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் தம்பதிகளைப் பேசவிட்டு, முகபாவத்தையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்து, பல வருடங்கள் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 14 வருடத் தரவை வைத்து 2002-ல் வெளியான கட்டுரையில் விவாகரத்துகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. கடுமையாக மோதிக்கொண்டவர்கள் கல்யாணமாகி சராசரியாக 5.6 வருடத்தில் பிரிந்தார்கள். மோதல் பெரிதாக இல்லாமல், ஆனால் சிரிப்பு, அக்கறை, ஆர்வம் எதுவும் இல்லாமல் இருந்தவர்களும் பிரிந்தார்கள், கல்யாணமாகி சராசரியாக 16.2 வருடம் கழித்து. (யார் பிரிவார்கள் என்று 90 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கணிக்கலாம் என்று காட்மன் பெயரில் சுற்றும் செய்தியை அப்படியே நம்ப வேண்டாம். யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு அதே தரவில் பொருத்திப் பார்த்த சூத்திரம் அது என்ற விமர்சனம் நியாயமானது.)

சண்டையிலும் எல்லாம் ஒன்றல்ல. ‘ஏன் லேட்?’ என்று கத்துவது ஒன்று. ‘உன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்க முடியும்’ என்று உதட்டைச் சுழிப்பது வேறு. காட்மன் மிக மோசமான அறிகுறி என்று சொல்வது இந்த இளக்காரத்தைத்தான்.

அப்புறம் இன்னொன்று நடக்கும், இதுதான் கொடுமை. உறவு நன்றாக இருக்கும்போது அவர் தாமதமாக வந்தால் ‘பாவம், டிராபிக்’ என்று தோன்றும். கசந்த பிறகு ‘என் மேல அக்கறை இல்லை’ என்று தோன்றும். நல்லது செய்தாலும் கணக்கில் ஏறாது. பூ வாங்கிக்கொண்டு போனால் ‘என்ன திடீர்னு? ஏதாவது தப்பு பண்ணியா?’ என்று கேள்வி வரும். அந்த நிலைக்கு வந்தபின் பழைய நினைவுகளே மாறிவிடும். ‘ஆரம்பத்திலிருந்தே நமக்கு ஒத்துப் போகல’ என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு இப்போது அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

பிறகு ஊருக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும். பிரிவின் கடைசிக் கட்டமே இதுதான் என்று ஸ்டீவ் டக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1982-லேயே எழுதினார். நம் ஊரில் அந்தக் கதை பெரும்பாலும் தயாராக இருக்கிறது: ‘வீட்ல ஒத்துக்கல.’ சாதியால், மிரட்டலால் நிஜமாகவே பிரிக்கப்பட்டவர்கள் ஏராளம், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் பேச்சே எடுக்காமல் இதைச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். யார் மரியாதைக்கும் பங்கம் வராத காரணம் அது.

சரி, திரும்பப் பேசலாமா? அவர் இன்னும் கோபமாக இருக்கிறார், பழையதை எடுத்துப் போட்டுத் திட்டுகிறார் என்றால் ஒரு முறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள், அதுவும் அவர் சம்மதித்தால் மட்டும். போனை உள்ளே வைத்துவிட்டு, பதில் தயாரிக்காமல் கேளுங்கள். ‘நீ நல்லா இருக்கணும்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாரென்றால் அவர் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு தோழியைத் தூது விடுவது, ஆபீஸ் வாசலில் போய் நிற்பது, வேறு நம்பரிலிருந்து மெசேஜ் போடுவது எதுவும் வேண்டாம். உங்களுக்கு அது தவிப்பு, அவருக்கு அது பயம்.