மாரத்தானுக்கு முந்தைய வாரங்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வாரம் 5 நாள் ஓடுகிறேன், ஒவ்வொரு நாளும் 10 கி.மீ., ஒரே வேகம். நான்கு மாதமாக ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. இன்னும் அதிகம் ஓட வேண்டுமா?

வேண்டாம். உங்கள் வேகம் மெதுவோட்டத்துக்கு அதிகம், வேகப் பயிற்சிக்குப் போதாது. அதனால் களைப்பு மட்டும் சேர்கிறது. ஐந்தில் மூன்று நாள், பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சிரைக்காமல் கதை பேசுகிற அளவுக்கு மெதுவாக ஓடுங்கள். தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும், உடல் கொழுப்பை எரித்து ஓடப் பழகுவதும் பெரும்பாலும் இந்த ஓட்டங்களில்தான். நாலு பேர் நம்மைத் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

நான்காவது நாள் வேகத்துக்கு. ஒரு வாரம் 1 கி.மீ. வீதம் ஐந்து முறை, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் மெல்லோட்டம். அடுத்த வாரம் டெம்போ: சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் 20 நிமிடம். ஐந்தாவது நாள் நீண்ட ஓட்டம்.

கெண்டைக்காலில் வலி. இரண்டு வாரம் ஓடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பந்தயத்துக்குப் பத்து வாரம்தான் இருக்கிறது. எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. 1984-இல் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட்டுக்கு ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு 17 நாள் முன்பு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் போட்டியிலும் ஜெயித்தார். ஆகஸ்டில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில் 2:24:52 நேரத்தில் தங்கமும் வாங்கினார். (நாம் அந்த அளவுக்குத் துணிய வேண்டியதில்லை.)

காலுக்கு ஓய்வு கொடுத்தாலும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கலாம். மருத்துவர் அனுமதித்தால் சைக்கிள், நீச்சல், அல்லது மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு ஆழமான தண்ணீரில் ஓடுவது. கடைசியாகச் சொன்னது பயங்கரமாகப் போரடிக்கும்தான், ஆனால் ஓட்டத்துக்கு மிக நெருக்கமானது. திரும்பி வந்ததும் விட்டுப்போன கிலோமீட்டர்களை ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

பயிற்சியில் 30 கி.மீ. தாண்டியதே இல்லை. மீதி 12 எங்கிருந்து வரும்?

மாதக்கணக்கில் சேர்த்து வைத்த ஓட்டத்திலிருந்து வரும். பயிற்சியிலேயே 42 ஓடினால் அந்தக் களைப்பு தீரவே வாரக்கணக்கில் ஆகும், அடுத்த பயிற்சிகள் கெடும். பெரும்பாலோருக்கு 30, 32 போதும். அதில் கடைசி 8 கி.மீ.யைப் பந்தய வேகத்தில் ஓடிப் பாருங்கள், களைத்த கால் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

30 கி.மீ.க்கு மேல் 'சுவரில் மோதுவது' (திடீரென்று சக்தி தீர்ந்து கால் நகராமல் போவது) பற்றிப் படித்ததிலிருந்து இரவில் தூக்கமே வருவதில்லை. மனதை எப்படித் தயார் செய்வது?

முதல் மாரத்தானில் நானும் மோதியிருக்கிறேன். கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் பாதியை என் சக்திக்கு மீறிய வேகத்தில் ஓடினேன். 33-வது கி.மீ.யில் கால் நின்றுவிட்டது, அதற்குமேல் நடைதான். அன்று அதை மன உறுதிக் குறைவு என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, பாதிக்கு மேல் அது கணக்குப் பிழை. உடலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் (தசையும் ஈரலும் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து) பலருக்கு ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் வற்றத் தொடங்கும். வேகமாக ஓடினால் இன்னும் சீக்கிரம்.

ஆகவே பயத்தின் பெரும்பகுதிக்கு மருந்து முன்கூட்டியே இருக்கிறது. முதல் 5 கி.மீ.யைத் திட்டமிட்டதைவிடச் சற்று மெதுவாக ஓடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து ஜெல்லாகவோ பானமாகவோ உள்ளே போகட்டும். வயிறு ஏற்கிறதா என்பதை நீண்ட ஓட்டங்களிலேயே சோதித்துவிடுங்கள்.

மிச்சமிருப்பதுதான் மனம். என் மனம் 35-வது கி.மீ.யில் "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று தவறாமல் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதிலை அங்கே போய்த் தேடக் கூடாது, முன்பே வைத்திருக்க வேண்டும். "அடுத்த தண்ணீர் மேசை வரை" என்பது என் பதில். அங்கே போனதும் அதற்கடுத்த மேசை. "வயிறு பிடித்துக்கொண்டால் இரண்டு நிமிடம் நடப்பேன், பின்னால் வந்தவர்கள் தாண்டினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்" என்று இரண்டு மூன்று பதில்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு நீண்ட ஓட்டமாவது பாட்டும் துணையும் இல்லாமல் போங்கள். உங்கள் மனம் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பந்தயத்துக்குப் புது ஷூ வாங்கலாமா?

வாங்கலாம், நான்கு வாரம் முன்பு. அன்றைக்கே பிரிக்க அல்ல.

கடைசி வாரம் இது. ஓட்டத்தைக் குறைத்ததிலிருந்து கால் கனக்கிறது, இல்லாத வலியெல்லாம் வருகிறது. ஒரு 25 கி.மீ. ஓடி உடம்பைச் சோதித்துப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த ஓட்டத்தின் பலன் பந்தய நாளுக்குள் உடலில் சேராது, களைப்பு மட்டும் வந்து நிற்கும். கடைசி இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைப் படிப்படியாகப் பாதி அளவுக்குக் குறைப்பது வழக்கம். வேக ஓட்டத்தை மட்டும் கொஞ்சம் வைத்துக்கொள்வோம். கால் கனப்பதும், முன்பு கவனிக்காத சின்ன வலி பெரிதாகத் தெரிவதும் இந்த நாட்களில் நிறையப் பேருக்கு வருவதுதான். அதே இடத்தில் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகிற வலி என்றால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். கால் துறுதுறுத்தால் நாளை 5 கி.மீ. மெதுவாக, முடிவில் 100 மீட்டர் வேகமாக நான்கு முறை. அவ்வளவுதான், ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு தூங்கப் போங்கள்.